பாறைக்குப் பின்னால் கழுவிய சிங்கி

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். ஆண்கள் கிழக்கே பெஞ்சுகளில். பெண்கள் மேற்கே பாய்களில். நடுவில் ஒரு மேசை. மேசைக்கு முன்னால் நான் நின்றிருந்தேன், கையில் என் குறிப்பேடு.

தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஊருக்கு நேர் முன்னால் கடலுக்குள் ஒரு பார் கிடக்கிறது. கடலடிப் பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்பார்கள். சிங்கி இறால் அங்கேதான் வாழ்கிறது. அது முட்டை வைக்கும் மூன்று மாதமும் அந்தப் பாரில் வலை போடாமல் விடலாமா, வேண்டாமா?

விடலாம் என்றது பாதி ஊர். நம் கடலில் சிங்கி முட்டையே வைப்பதில்லை, பிறகு வலையை ஏன் மடக்க வேண்டும் என்றது மீதிப் பாதி. அந்த இரண்டாவது கட்சி சாட்சிக்குக் கூப்பிட்ட ஆள் நான்.

நான் வாசித்தேன். “கிட்டத்தட்ட எட்டு ஆண்டாக இந்தக் கரையில் தராசுக்கு வந்த சிங்கிகளைப் பார்த்து எழுதி வருகிறேன். ஆண், பெண், நீளம், எல்லாம் இதில் இருக்கிறது. இதுவரை ஒரு பெண் சிங்கியின் வயிற்றிலும் நான் முட்டை கண்டதில்லை. ஒன்றில்கூட இல்லை.”

அந்த ‘ஒன்றில்கூட’ என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

மேற்குப் பக்கத்துப் பாய்கள் சிரித்தன. ஒருவர் இருவர் அல்ல, மொத்தப் பெண்களும். ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் முதுகில் ஓங்கி அடித்தாள். ஊர்த்தலைவர் மேசையைத் தட்டினார். சிரிப்பு அடங்கி, மறுபடி வெடித்தது.

கிழக்குப் பக்கம் ஒரு ஆணும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

தேதிக்காரன்

அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்வதற்கு முன்னால், நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தக்கலையில் பத்திர எழுத்தராக முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் பத்திரத்தைப் பிரமாணம் என்பார்கள். பழைய பிரமாணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், புதியவற்றில் ஆங்கிலத் தேதி. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது. ஒரு நாள் பிசகினால் ஒரு தென்னந்தோப்பே கை மாறிவிடும். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டாலும் அவர்கள் பிறந்த கிழமையை நான் மாற்றிச் சொல்லமாட்டேன் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடருக்கு ஆசிரியர் வைத்த ஒரே வேண்டுகோள், தேதிகளைக் குறையுங்கள் என்பது. முதல் வாரமே நான் அனுப்பிய கட்டுரை பஞ்சாங்கம் மாதிரி இருந்ததாம். ஆகவே தேதி வேண்டுகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். பதினொரு குறிப்பேடுகள் அலமாரியில் இருக்கின்றன.

ஊர்ப் பெயரை மட்டும் எங்கும் சொல்லமாட்டேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது தெரியும்.

மனு எழுதப் போன இடம்

பெரிய அலை வந்த மறு ஆண்டு அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனேன். வீடு போனவர்களுக்கு ரேஷன் கார்டும் போயிருந்தது, பட்டாவும் போயிருந்தது. மனு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். கோயில் முற்றத்தில் மேசை போட்டு எழுதினேன்.

அங்கேதான் தாசனையும் பிரகாசியையும் தெரிந்துகொண்டேன். தாசன் சிங்கி வலை போடுகிறவர். பிரகாசி அவர் மனைவி. அலை அவர்களுடைய வீட்டின் தெற்குச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. “மூணு சுவர் மிச்சம் வச்சிருக்கு சாரே. அதனால எங்களைப் பாதி வீடுன்னு எழுதியிருக்கான் அதிகாரி. பாதி வீட்டுல பாதி மழையா பெய்யும்?” என்று பிரகாசி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மனுவில் அதையே கொஞ்சம் மரியாதையாக்கி எழுதினேன்.

மனு எழுதாத நேரத்தில் கரையில் நடப்பேன். நான் இந்த மாவட்டத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டாலும் கடலிலிருந்து பத்து மைல் தள்ளி வளர்ந்தவன். மீன் என்றால் வாளை, சாளை, நெத்திலி என்ற அளவில்தான். அந்தக் கரையில் ஒதுங்கிக் கிடந்தவற்றைப் பார்த்து வாய் பிளந்தேன். முள் உதிர்ந்த கடல் முள்ளெலிகள். தொட்டால் சுருங்கும் கடல் அட்டை. வளையம் வளையமாக அடுக்கிய, வெள்ளரி நீளத்தில் ஒரு வெளிறிய பொருள். என்ன என்று கேட்டபோது தாசன் “சங்குப் பூவு” என்றார். சங்கு வைக்கிற முட்டைக் கூடு அது. ஒவ்வொரு அறைக்குள்ளும் அரிசி அளவில் முழுச் சங்கு இருந்தது, சுழி உட்பட.

அன்று சாயங்காலமே ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

இதோடு சிப்பியையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியைச் சாப்பிடாத வீடு குறைவு. அவித்துத் திறந்தால் சிலவற்றில் சதை செங்கல் நிறம், சிலவற்றில் பால் வெள்ளை. சிவப்பு விளைந்தது, வெள்ளை விளையாதது என்று நாற்பது ஆண்டு நம்பி, வெள்ளையை என் மனைவியின் தட்டில் ஒதுக்கி வந்தேன். நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு விலங்கியல் புத்தகம் சொன்னது: முட்டைக் காலத்தில் சிவப்பு பெண், வெள்ளை ஆண். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அப்போ இத்தனை வருசமா பொம்பளையை எல்லாம் நீங்க தின்னுட்டு ஆம்பளையை எனக்குத் தந்தியளா?” என்றாள்.

அந்த ஒரு பக்கத்தைப் படித்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கண் முன்னால் இருப்பதற்கு நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு நாற்பது ஆண்டு வாழ முடியும் என்று. வரவில்லை.

தராசுக்கு முன்னால்

சிங்கி வியாபாரம் நடக்கும் முறை இது. மாலையில் பாரைச் சுற்றி வலையைத் தாழ்த்திவிட்டு வருவார்கள். விடியலில் எடுப்பார்கள். வள்ளம் கரை தொட்டதும் வலையிலிருந்து சிங்கியைப் பிரித்துப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் அதை ஈரச் சாக்கில் வைத்து மேற்கே கொண்டுபோய், கழுவி, திரும்பக் கொண்டுவருவார்கள். அதற்குள் ஏற்றுமதிக்காரரின் வேன் வந்திருக்கும். ஏஜென்ட் தராசைத் தொங்கவிடுவார். உயிரோடு, மீசை முறியாமல் இருக்க வேண்டும். அளவு வேண்டும். வயிற்றின் அடியில் முட்டை ஒட்டியிருக்கக் கூடாது, முட்டை உள்ளதை ஏற்றுமதி செய்யத் தடை.

நான் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்துகொள்வேன். கடைசிக் காலின் நுனியில் சின்னக் கவடு இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். இதை தாசன்தான் காட்டித் தந்தார். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போய், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து எழுதினேன். ஏஜென்டுக்கு என்மேல் எரிச்சல். “சாரே, கல்யாணத்துக்கா பாக்குதீரு?” என்பார்.

பெண்கள் கழுவும் இடம் மேற்கே ஒரு பெரிய பாறைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு நீர்க்குழி உண்டு. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பெண்கள் குளிப்பதும் ஒதுங்குவதும் அங்கேதான். அந்த ஊரில் பிறந்த ஆண், வழி தவறிய வள்ளத்தைத் தேடிக்கூட அந்தப் பாறையைத் தாண்டமாட்டான். நான் வெளியூர்க்காரன், அதிலும் படித்தவன் என்று பெயர். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மணல் போகக் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். ‘சுத்தம் பேணும் மக்கள்’ என்று முதல் குறிப்பேட்டிலேயே ஒரு வரி எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் வேறு சிலவும் எழுதினேன். ‘அடிவயிற்றுத் துடுப்பு நைந்துள்ளது, வலை பட்டிருக்கலாம்.’ ‘நெஞ்சில் தார்க் கறை.’ இந்தத் தார்க் கறை அடிக்கடி வரும். காலிடுக்கில், கரு நிறத்தில், காய்ந்து ஒட்டியிருக்கும். வள்ளத்துக்குத் தார் பூசுவது வழக்கம். பூசிய பலகையில் சிங்கியைப் போட்டிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். அது பெண் சிங்கியின் நெஞ்சில் மட்டும்தான் ஒட்டுகிறது என்பதை எட்டு ஆண்டும் நான்தான் எழுதினேன். எனக்கு உறைக்கவில்லை.

புத்தகம் கொடுத்த விளக்கம்

முட்டையே தென்படவில்லை என்பது ஒரு புதிராகி என்னைப் பிடித்துக்கொண்டது. படித்தேன். வெளிநாட்டுக் கடல்களில் சில வகைச் சிங்கிகள், ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி வரிசையாகக் கடலடியில் நெடுந்தூரம் நடந்து போகுமாம். ஆழத்துக்குப் போய் முட்டை பொரித்துவிடுவனவும் உண்டாம். படித்த அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. புதிருக்கு விடை கிடைத்துவிட்டதே!

நம் சிங்கியும் முட்டைக் காலத்தில் வேறு எங்கோ போகிறது, முட்டை பொரித்தபின் திரும்புகிறது என்று நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு சிறு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். ஆறு பக்கம். அட்டவணை வேறு. தாசனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதுல நம்ம ஊர் பேரு இருக்கா?”

“இல்லை.”

“கொள்ளாம்,” என்றார், நல்லது என்ற பொருளில்.

அலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த வலைகள் ஏராளம். முன்பு வலை இல்லாதவர்கள்கூட பாரைச் சுற்றி வலை தாழ்த்தினார்கள். ஐந்தாறு ஆண்டில் சிங்கி குறைந்தது. கிடைப்பதும் சிறுத்தது. மூன்று மாதம் விடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, எதிர்க்கட்சி என் கட்டுரையை நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தது. நகலெடுத்தவர் தாசன்.

இப்படித்தான் நான் அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

சிரிப்பு நின்றபின்

ஊர்த்தலைவர் மூன்றாம் முறை மேசையைத் தட்டியபோது பிரகாசி பாயிலிருந்து எழுந்தாள்.

“சாரே, கோவிக்கப்பிடாது. சிரிக்கணும்னு சிரிக்கல்ல. சிங்கி வயித்துல முட்டை எப்படி இருக்கும்? நாங்க தேய்ச்சு எடுத்துட்டுல்லா தராசுல வைக்கோம்!”

எனக்குப் புரியவில்லை. “எதை?” என்று கேட்டேன்.

“முட்டையைத்தான். தேங்காத் தொண்டு வச்சுத் தேய்ப்போம். பொறவு எதுக்கு அங்க கொண்டுபோய்க் கழுவுதோம்னு நெனச்சீரு? பவுடர் போடவா?”

மறுபடி சிரிப்பு. நான் கிழக்கே திரும்பி தாசனைப் பார்த்தேன்.

“தாசா, உமக்குத் தெரியுமா இது?”

“எங்க ஊர்ல யாருக்குத் தெரியாது?”

“எட்டு வருசம் உம்ம பக்கத்துல உட்கார்ந்து எழுதினேனே!”

“நீரு கேக்கல்ல. நான் சொல்லல்ல.” தாசன் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். “நான் பொய் ஒண்ணும் பறையல்ல சாரே. நீரு எழுதினதைத்தான் நகல் எடுத்தேன்.”

 பெஞ்சின் முனையில் உட்கார்ந்தேன். எட்டு ஆண்டு எழுதிய ‘முட்டை இல்லை’ ஒவ்வொன்றும் கடலைப் பற்றியது அல்ல, தொண்டு என்கிற தேங்காய் மட்டையைப் பற்றியது. அதை நம்பி ஒரு ஊர் முட்டைக் காலத்தில் வலை போடப் போகிறது.

“ஏட்டி, இரு!” என்று தாசன் மனைவியைப் பார்த்துக் கத்தினார். “வேன்காரன் காதுல விழுந்தா நாளைக்கு ஒரு சிங்கி எடுப்பானா?”

பிரகாசி உட்காரவில்லை. “அவன் காதுல விழாமலா இருக்கு? ‘கழுவிட்டு வா, கழுவிட்டு வா’ன்னு தெனமும் அவன்தானே சொல்லுதான்.” பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. “நான் கெட்டிவந்த புதுசுல கழுவி முடிக்க ரெண்டு மணிக்கூறு ஆகும். கை வெரலெல்லாம் வெந்துபோகும். இப்ப வேன் வரதுக்கு முன்னாலயே முடிஞ்சு நிக்கோம். முட்டை இல்லாம இல்ல. சிங்கியே இல்ல. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்.”

கொட்டகையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார். “சாரு ஒரு தடவை நேர்ல பாக்கட்டும். பொறவு சொல்லட்டும்,” என்றார். பாறைக்கு அந்தப் பக்கம் போக ஒரு ஆணுக்கு அந்த ஊர் அனுமதி கொடுத்தது அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார்கள்.

அந்தப் பக்கம்

புதன்கிழமை விடிந்ததும் போனேன். பிரகாசி முன்னால் நடந்து, “ஆளு வருது, ஆளு வருது” என்று குரல் கொடுத்தாள். ஏழெட்டுப் பெண்கள் நீர்க்குழியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, “மாப்பிள்ளை வந்தாச்சு” என்றாள். நான் கால் வைக்கத் தயங்கினேன்.

தண்ணீரின் நிறம்தான் முதலில் கண்ணில் பட்டது. ஆரஞ்சு. குழியின் ஓரமெல்லாம் ரவையைக் கொட்டியது போல் படிந்திருந்தது. நண்டுகள் வந்து அள்ளித் தின்றுகொண்டிருந்தன.

பிரகாசி சாக்கிலிருந்து ஒரு சிங்கியை எடுத்தாள். இடது கையால் முதுகைப் பிடித்து மல்லாத்தினாள். அது வாலை இறுக்கி மடக்கிக்கொண்டது. கட்டைவிரலை உள்ளே விட்டு வாலை விரித்தாள்.

எட்டு ஆண்டு தேடியதை அப்போதுதான் பார்த்தேன். வாலின் அடிப்பக்கம் முழுவதும், துடுப்புகளை மறைத்து, கொத்துக் கொத்தாக முட்டை. இத்தனை அழகாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

தொண்டுத் துண்டை வைத்து அவள் ஒரு இழு இழுத்தாள்.

சிங்கி கத்தியது. சிங்கிக்குக் குரல் கிடையாது, மீசையின் அடியை உரசி அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காதைப் பொத்திக்கொண்டேன். சிலேட்டில் நகத்தால் கீறினால் வருமே, அப்படி. நாலு இழுப்பில் வால் வெறுமையானது. துடுப்புகள் நைந்து தொங்கின. ‘வலை பட்டிருக்கலாம்.’

“கத்தும் சாரே. முதல்ல எனக்கும் ஒரு மாதிரி இருந்துது,” என்றாள் பிரகாசி. “பொறவு காது பழகிப்போகும்.”

அடுத்ததை எடுத்தாள். அதில் முட்டை இல்லை. நெஞ்சில் மட்டும் கரிய கறை. நான் பேச்சை மாற்றும் அவசரத்தில், “இந்தத் தாரையாவது துடைத்துவிடுங்கள்” என்றேன்.

குழியைச் சுற்றித் தேய்த்த கைகள் நின்றன. பிறகு முக்காடு போட்டிருந்தவள் தண்ணீருக்குள் விழாத குறையாகச் சிரித்தாள்.

“தாரா?” பிரகாசி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “சாரே, அது ஆம்பளைச் சிங்கி ஒட்டிவிட்டுப் போறதாக்கும். இது ஒட்டியிருந்தா கொஞ்ச நாள்ல முட்டை வரும்னு அர்த்தம். பொட்டை கடைசிக் காலால இதைச் சொரண்டிச் சொரண்டித்தான் முட்டையை நனைக்கும். அந்தக் கவடு வேற எதுக்கு?”

விந்துப் பொதி. நான் புத்தகத்தில் படித்து அடிக்கோடு இட்டிருந்த சொல். படம்கூட இருந்தது, கறுப்பு வெள்ளையில். கவட்டை வைத்து ஆண் பெண் பிரித்தேன், கவடு எதற்கு என்று கேட்கவில்லை. கறையை எழுதினேன், தொட்டுப் பார்க்கவில்லை.

தக்கலைக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர் இரண்டு முறை டிக்கெட் கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் குறிப்பேடுகளைத் தரையில் பரப்பினேன். ‘தார்க் கறை’ என்ற சொல்லைத் தேடிச் சிவப்பு மையில் சுழித்தேன். எந்த மாதங்களில் கூட்டம் கூட்டமாக வருகிறது, எந்த மாதங்களில் குறைகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. விடலாம் என்ற கட்சி சொன்ன அதே மூன்று மாதம். முட்டைக் காலத்தின் கணக்கை நானே எட்டு ஆண்டு என் கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டு, முட்டையே இல்லை என்று கட்டுரையும் எழுதியிருக்கிறேன்.

மனைவி காப்பியோடு வந்தவள், தரையில் கிடந்த சிவப்புச் சுழிகளைப் பார்த்து, “என்ன, எல்லாம் தப்பா?” என்று கேட்டாள். எழுதினது சரி, சொன்னதுதான் தப்பு என்றேன். அவளுக்கு அது விளங்கியதா தெரியாது. காப்பி ஆறிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு

கூட்டத்துக்கு முன்னால் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “சாரே, கழுவுற விசயத்தைத் தீர்மானப் புத்தகத்துல எழுதவேண்டாம். நாளைக்கு யாராவது அதிகாரி எடுத்துப் பாத்தா பொம்பளைகள் பேரு கெடும்.” நான் ஒத்துக்கொண்டேன். எழுதியது இவ்வளவுதான்: ‘இக்கடலில் சிங்கி முட்டை வைப்பதில்லை என்று நான் எழுதியது தவறு. அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.’ கீழே கையெழுத்து. இத்தனை ஆண்டு பிறருடைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான், அன்று என் தவறுக்கே போட்டேன்.

வாசித்தேன். சிவப்புச் சுழிகளையும் காட்டினேன். ஆண்கள் கவனமாகக் கேட்டார்கள். பிறகு அவர்களைக் கை தூக்கச் சொன்னபோது, பாரில் வலை போடலாம் என்பதற்கே அதிகம் கை.

என்னால் நம்ப முடியவில்லை. “உண்மை தெரிந்த பிறகுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“உண்மை எங்களுக்கு எப்பவும் தெரியும் சாரே,” என்றார் தாசன். “உமக்குத்தான் இப்பத் தெரிஞ்சுது. நாங்க விட்டா பக்கத்து ஊர்க்காரன் வந்து அள்ளிட்டுப் போவான். அவனை உம்ம நோட்டு நிறுத்துமா?”



தலைவர் புத்தகத்தை மூடப் போனார். பிரகாசி பாயிலிருந்தே பேசினாள், எழவில்லை.

“வலை போடுங்க. யாரு வேண்டாம்னா? நாங்க கழுவல்ல.”

“என்னது?”

“முட்டைச் சிங்கியை நாங்க கழுவல்ல. இங்க இருக்க எல்லாரும் பேசிட்டோம். முட்டை உள்ளதை நீங்களே கழுவிக்கிடுங்க.”

கிழக்குப் பக்கம் சலசலத்தது. எங்கே கழுவுவது? வேன் நிற்கும் மணலில், எல்லார் கண் முன்னாலும் கழுவ முடியாது. பாறைக்கு அந்தப் பக்கம் ஆண் போக முடியாது. ஒருவர், “சாரைப் போகவிட்டியளே!” என்றார்.

“அவரு பாக்க வந்தாரு,” என்றாள் முக்காட்டுக்காரி. “நீரு தேய்க்க வாரும். நாங்க குளிக்கையில வாரும். பாப்போம்.”

இடுப்பளவுத் தண்ணீர்

எத்தனை நாள் நின்றது இது என்று கேட்பீர்கள். ஒளிக்கவில்லை. இரண்டு சீசன் முழுக்க நின்றது. மூன்றாவதில் சில வீடுகளில் வாளியில் கழுவ ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்காததை இனி எழுதுவதில்லை என்பதால் இதற்கு மேல் சொல்லமாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன், அது முதல் வாரம்.

விடிந்து சற்று நேரம். தாசனின் வள்ளம் கரையேறியது. வலையில் ஒரு பெரிய பெண் சிங்கி, வால் நிறைய முட்டை. பிரித்தெடுத்துப் பிரகாசியிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, விளையாடாத. வேன் வரப்போகுது.”

“கூட்டத்துல சொன்னது கேக்கல்லியா?”

“இந்த ஒண்ணை மட்டும்.”

“இது ஒண்ணு. பொறவு அடுத்தது ஒண்ணு.”

தாசன் மற்றப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் கடலைப் பார்த்தார்கள். அவர் சிங்கியோடு மேற்கே பாறையை நோக்கி நாலு எட்டு வைத்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள். “ஏலே தாசா, சேலை கெட்டிட்டுப் போலே!”

நின்றார். திரும்பினார். நேராகக் கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர் வரை போய், குனிந்து, இரண்டு கையாலும் அதை அடியில் விட்டார். வீசுவார் என்று நினைத்தேன். வீசவில்லை.

தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து என் முன்னால் நின்றார்.

“போதுமா சாரே?” கோபம் இருந்தது. பிறகு கேட்டார், “அதுல எத்தனை முட்டை இருக்கும்?”

“அந்த அளவுச் சிங்கிக்கு நாலைஞ்சு லட்சம் இருக்கலாம் என்று புத்தகம் சொல்கிறது.”

“லச்சமா?”

“லட்சம்தான்.”

சிரித்தார், நான் கேலி செய்வதாக நினைத்து. நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. பிரகாசியின் கைகளைப் பார்த்தார்.

“இவ கெட்டிவந்த நாள்ல இருந்து கழுவுதா,” என்றார் மெதுவாக. “ஒரு நாளைக்குப் பத்துன்னு வச்சாலும்...”

உதடு அசைந்தது. விரல்களை மடக்கினார். ஒரு கை மடங்கி முடிந்து, அடுத்த கையைத் தொடும் முன்னால் விட்டுவிட்டார். ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தார். ஏஜென்டின் வேன் மேட்டில் வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

“எண்ணாதேயும்,” என்றாள் பிரகாசி. “எந்திரியும். வலை கெடக்கு.”

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.